நடை வேகத்தில் ஓர் ஓட்டம்

"அம்மா, எஞ்சினை நிறுத்து!"

கால்வாயின் கரைப்பாதையில் மூச்சிரைக்க நடந்தபடி கத்தினான் டங்கன். தண்ணீரின் நடுவே, தான் குடியிருக்கும் நீண்டு ஒடுங்கிய படகின் பின்முனையில், சுக்கானைப் பிடித்து நின்றிருந்தாள் அவன் அம்மா பெரில். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காது கேக்கலியா?"

"கேக்குது. ஊருக்கே கேக்குது."

படகின் வேகம் ஒரு மனிதன் நடக்கிற வேகம்தான். அதனால் துரத்துவதில் சிரமம் இல்லை. ஏறுவதில்தான் சிரமம். தாவ முடியாத தூரத்திலேயே அவள் படகைச் செலுத்திக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் படகை எடுத்துட்டுப் போக ஆளுங்க வர்றாங்க. விக்கறதுக்கு நீதானே சரின்னு சொன்ன?"

"ஆஸ்பத்திரியில சொன்னேன். அன்னைக்கு அவங்க குடுத்த மாத்திரைக்கு, உங்கப்பாவை மறுபடி கட்டிக்கோன்னு சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"உனக்கு எழுபத்தாறு வயசு. பனியில வழுக்கி விழுந்து தோளை உடைச்சுக்கிட்ட. நான் பாத்து வச்ச ஃப்ளாட்டுல என்ன குறை? குளியலறையில விழுந்தா இழுக்கறதுக்குக் கயிறு தொங்குது. இழுத்தா உடனே ஆள் வரும்."

"என்கிட்டயும் நல்ல கயிறா நாலு இருக்கு. ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும், அதைச் சொல்லு."

டங்கன் தயங்கினான். "கார் நிறுத்துற இடம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் அதுதான்."

"அப்புறம் என்னடா பேச்சு?"

எதிரே நாயுடன் ஒருவர் வந்தார். "காலை வணக்கம்" என்றான் டங்கன். "வெயில் நல்லா இருக்கு இல்ல?" என்றாள் பெரில். அவர் கடந்து போகும்வரை இருவரும் சண்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"நல்லவேளை, ஜாய்ஸ் எனக்கு ஃபோன் பண்ணினா. இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

ஜாய்ஸ், பக்கத்துப் படகில் குடியிருப்பவள்.

"அவளுக்கு வாயில எதுவும் தங்காது" என்றாள் பெரில் எரிச்சலாக.

கரையோரம் வரிசையாகப் படகுகள் கட்டிக் கிடந்தன. பெரில் எஞ்சின் சத்தத்தைக் குறைத்தாள். படகு ஊர்ந்தது. டங்கனும் ஆமை நடை நடக்க வேண்டியதாயிற்று.

"ஓடிப்போறவங்க யாராவது வேகத்தைக் குறைப்பாங்களா?"

"கட்டியிருக்கிற படகை உரசிக்கிட்டு வேகமாப் போனா, உள்ளே அடுப்பு மேல இருக்கிற டீ கொட்டிடும். படகுல பிறந்தவன்தானே நீ? எல்லாம் மறந்து போச்சா?"

"மறக்கலை. முன்னாடி மதகுக் கதவு போட்ட லாக் இருக்கே, அதையும் மறக்கலை. அங்க நீ நின்னுதான் ஆகணும்."

"ஒரே ஒரு லாக். அதைத் தாண்டினா ஆறு. ஆத்து லாக்ல எல்லாம் ஆள் இருக்காங்க. பொத்தானைத் தட்டி இறக்கி விட்டுடுவாங்க."

"அந்த ஒண்ணை எப்படித் தாண்டுவ? ஜாம் பாட்டில் மூடியைத் திருக முடியாத தோள் உன்னுது. மதகைச் சுத்துவியா, கதவைத் தள்ளுவியா?"

"பாக்கலாம்."

டங்கன் சிரித்தான். ஜெயித்துவிட்டவனின் சிரிப்பு.

லாக் வந்தது. இரு முனையிலும் கனத்த மரக்கதவுகள் போட்ட கல்தொட்டி. தண்ணீரை வடியவிட்டால் உள்ளே நிற்கும் படகு ஆற்றின் மட்டத்துக்கு இறங்கும். அப்போதுதான் ஒரு படகு மேலே ஏறி வெளியே போயிருந்தது. எதிரே வருகிற பெரிலுக்காகக் கதவைத் திறந்தே விட்டிருந்தார்கள். பெரில் உள்ளே நுழைந்தாள். இப்போது படகு கரையோடு கரையாக நின்றது.

"அவ்வளவுதான். எஞ்சினை அணைச்சிட்டு இறங்கு" என்றான் டங்கன்.

"லாக்குக்குள்ளயா நிறுத்தச் சொல்ற? கீழே பாரு."

கீழே ஆற்றில் இன்னொரு படகு காத்திருந்தது. தனி ஆள். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்த கிழவர் அண்ணாந்து கத்தினார்.

"குடும்பப் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கங்கய்யா! தண்ணி இழுக்குது, எனக்குக் கை விட்டுப் போகுது!"

டங்கனுக்கு முகம் சிவந்தது. லாக்கை அடைத்துக்கொண்டு நிற்பது, படகுக்காரன் பிள்ளை செய்கிற காரியம் இல்லை.

"சரி. கீழே இறங்கினதும் கரையில கட்டு. பேசணும்."

பெரில் மதகு சுற்றும் இரும்புக் கைப்பிடியை அவனிடம் நீட்டினாள். கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"சாப்பிடாம ஓடி வந்திருப்ப."

மற்றதை அவன் கைகள் பார்த்துக்கொண்டன. மேல்கதவைச் சாத்தினான். குறுக்கே நடந்து கீழ் மதகுகளைச் சுற்றித் தூக்கினான். தண்ணீர் இரைந்தது. அம்மா மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். முதலில் தோள் மறைந்தது, பிறகு தொப்பி. கீழ்க்கதவின் நீண்ட மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினான். கதவு திறந்தது.

படகு வெளியே போனது. கரையில் கட்டவில்லை. ஆற்றின் நடுவுக்குப் போய் முகம் திருப்பியது. அவள் திரும்பிய பக்கம் கரையில் நடக்கப் பாதை கிடையாது.

"அம்மா!"

அவள் நல்ல கையைத் தூக்கி ஆட்டினாள். இந்த முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழவரின் படகை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, டங்கன் கதவு மரத்தின் மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். ரொட்டிக்கு நடுவே வறுத்த பன்றி இறைச்சி, அவனுக்குப் பிடித்த புளிப்புச் சாறு ஊற்றி. ஆறிப் போயிருந்தது. அம்மா இறைச்சியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இதை எப்போது, யாருக்காகச் செய்தாள்?

ஃபோன் அடித்தது. ஜாய்ஸ்.

"டங்கன், பெரில் ஆத்துல இறங்கிட்டாளா? நீ வந்து சேராம லாக் முன்னாடி தனியா நின்னுடுவாளோன்னு ஒரே கவலை எனக்கு. அதான் அவ கூப்பிடச் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே உன்னைக் கூப்பிட்டுட்டேன்."