ஏழாம் எண் சட்டி

“மாட்டுக்கறின்னா இதுதான்யா மாட்டுக்கறி! புல்லு மேஞ்ச மாடு, நம்ம மாவட்டத்து மாடு. ஒரு கரண்டி வாயில வெச்சா போதும், சொல்லிடுவேன்!” என்று டெல்மர் மைக்கில் முழங்கியதும் கூடமே கைதட்டியது.

மாடு வளர்ப்போர் சங்கத்தின் சில்லிப் போட்டி. பீன்ஸும் கொத்துக்கறியும் போட்டுக் காய்ச்சிய பன்னிரண்டு சட்டிகள், பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டி, வரிசையாக இருந்தன. பக்கத்து மேசையில் கூடவே சாப்பிட இலவங்கப்பட்டை ரொட்டி. பத்தொன்பது வருடமாக டெல்மர்தான் நடுவர். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அவர் நாக்குக்கு அப்பீல் கிடையாது.

அவர் முதல் பரிசு கொடுத்தது ஏழாம் எண் சட்டிக்கு.

அது அவர் மனைவி ஆர்டித் கொண்டுவந்த சட்டி. அதில் மாட்டுக்கறி மருந்துக்கும் இல்லை.

ஜனவரியில் டெல்மருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. மாட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். “பதிலுக்கு வான்கோழி போடலாமா?” என்று ஆர்டித் கேட்டபோது டெல்மர் படுக்கையில் இருந்தபடியே கத்தினார். “முந்நூறு மாடு வெச்சிருக்கேன். என் வீட்டு அடுப்புல வான்கோழியா? அதுக்கு என்னைப் புதைச்சிடு!”

ஆர்டித் அவரிடம் சொல்லாமலே வான்கோழிக் கொத்துக்கறியை வாங்கினாள். வறண்டு போகாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய், நன்றாகச் சிவக்க வதக்கிய வெங்காயம், நிறத்துக்கு சோயா சாஸ். டாக்கோ, பர்கர், சில்லி என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு வேளையும் டெல்மர் தட்டை வழித்துவிட்டு “அருமை” என்றார்.

அந்தத் தெம்பில்தான் போட்டிக்கும் அதையே கொண்டுவந்தாள். ஜெயித்தால் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம், அப்புறம் மனுஷன் வான்கோழியைப் பழிக்க முடியாது என்பது அவள் கணக்கு.

ஆனால் மேடையேறி, முதல் பரிசுக்கான நீல ரிப்பனைக் கையில் வாங்கியபோதுதான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது. மாட்டுக்கறி மட்டும்தான் சமைக்க வேண்டும் என்பது போட்டி விதி. இரண்டாம் பரிசு பெற்ற ஜோனெல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

“மூணு வருஷமா ரெண்டாம் இடம்தான். பரவாயில்ல, உன்கிட்டதானே தோத்தேன்! நல்லாத்தான் சமைச்சிருக்கே. சொல்லு, எந்தப் பாகத்துக் கறி?”

ஜோனெலின் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துப் பொய் சொல்ல ஆர்டித்துக்கு வாய் வரவில்லை.

“வான்கோழி” என்றாள் மெல்ல.

மைக் பக்கத்திலேயே இருந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

கூடமே டெல்மர் பக்கம் திரும்பியது. பிறகு சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒருவன் வான்கோழி மாதிரியே குரல் கொடுத்தான்.

“ஏம்ப்பா டெல்மர்,” சங்கத் தலைவர் ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார், “உன் மாட்டுக்கு இறக்கை எப்போ முளைச்சுது?”

ஆர்டித்துக்குத் தலை நிமிரவில்லை. காதெல்லாம் எரிந்தது. டெல்மர் தொப்பியைக் கழற்றினார். அவள் கையிலிருந்த ரிப்பனை வாங்கி ஜோனெலிடம் கொடுத்தார்.

“தப்பு என்னோடது. அடுத்த வருஷம் வேற ஆளை நடுவராப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வீட்டுக்கு டெல்மர்தான் வண்டியை ஓட்டினார். இருபுறமும் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. கடைசியில் ஆர்டித்தால் தாங்க முடியவில்லை.

“திட்டிடு டெல்மர். ஊர் முன்னால உன் மானத்தை வாங்கிட்டேன். உன் உடம்புக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா நீ அருமை அருமைன்னு சொல்றப்போ உள்ளுக்குள்ள சிரிச்சேன். அதை நெனச்சாத்தான் இப்போ கூசுது.”

டெல்மர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“ரொம்பச் சிரிச்சியா?”

“கொஞ்சம்.”

அவர் கைகளை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. “கூச வேண்டியது நான்தான்.”

“நீ என்ன பண்ணினே? பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை நாக்கு ஏமாந்துடுச்சு. அவ்வளவுதானே?”

“நாக்கு ஏமாறல ஆர்டித். ஆபரேஷன் ஆன நாள்லேருந்து எனக்கு உப்பு, காரம், இனிப்பு எதுவுமே தெரியல. நீ மாட்டைப் போட்டாலும் ஒண்ணுதான், மரத்தூளைப் போட்டாலும் ஒண்ணுதான். தட்டை வெச்சுட்டு என் வாயையே பார்த்துட்டு நிப்பே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

ஆர்டித் அவர் பக்கம் திரும்பினாள். “அப்போ இன்னிக்கு… ஏழாம் நம்பரை எப்படி எடுத்தே?”

“பன்னிரண்டு சட்டியும் எனக்கு வெந்நீர் மாதிரிதான் இருந்துச்சு” என்றார் டெல்மர். “ஏழாவதைக் கரண்டில எடுத்தப்போ மட்டும், கூட்டத்துல நீ என் வாயையே பார்த்துட்டு நின்னே.”