எல்லோருக்கும் ஒரே இனிப்பு

பல மாநிலத்தார் கூடி வாழும் அடுக்ககம் ஒன்றில், சங்கராந்தித் திருநாளன்று ஒருவர் பலகாரம் உயர்ந்தது, மற்றவருடையது தாழ்ந்தது என்று எவர் மனமும் நோகக்கூடாதென்று நிர்வாகக் கணினி வீட்டு அடுப்புகளை அணைத்தது. தமிழரின் சர்க்கரைப் பொங்கலையும் அசாமியரின் அரிசிப் பிட்டாவையும் மராட்டியரின் எள்ளுருண்டையையும் கலந்து, எல்லோருக்கும் ஒரே இனிப்பை அனுப்பியது.

செருப்பு அலமாரித் தகராறால், எதிர்வீட்டு அசாமியப் பெண் ரூபாலியோடு பூங்கோதைக்கு ஆறு மாதமாகப் பேச்சில்லை. ஆண்டுதோறும் பொங்கலும் பிட்டாவும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் மீண்டும் பேசவைக்கும் என்று நம்பி, பூங்கோதை தனக்கு வந்த இனிப்பையே தட்டில் ஏந்திக் கதவைத் தட்டினார்.

ரூபாலி தட்டைப் பார்த்தாள். "இதேதான் எங்களுக்கும் வந்துச்சு. உங்களுக்குப் பிடிக்கலேன்னு எங்க தலையில கட்டுறீங்களா அக்கா?"

"ஐயோ, இல்ல ரூபாலி. உனக்குன்னு நானே..."

'செய்தேன்' என்ற சொல் வராமல் பூங்கோதை நின்றார். ரூபாலி கதவைச் சாத்திக்கொண்டாள்.