படிகாரம் சொன்ன யோசனை

குளியலறை அலமாரியில் ஒரே பரபரப்பு. பழைய ஷேவிங் கிரீம் தீர்ந்து, புதிதாக இரண்டு டியூப்கள் வந்திருந்தன. மறுநாள் வீட்டுப் பையனுக்கு நிச்சயதார்த்தம். பிரஷ் எதன்மேல் சாய்ந்து நிற்கிறதோ, அதைத்தான் அவன் எடுப்பான்.

பிரஷ் இரண்டையும் குழைத்துப் பார்த்துவிட்டுத் துள்ளியது. "ரேசர் அண்ணே, மஞ்சள் டியூப்பைப் பாருங்க. மலை மாதிரி நுரை, ரோஜா வாசனை வேற."

"அதுக்குள்ள காஞ்சிருச்சே," என்றது ரேசர். "வெள்ளையில நுரை கம்மிதான், வாசனையும் இல்ல. ஆனா ஈரம் நிக்குது. எனக்கு வழுக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

பிரஷுக்கு மனசு கேட்கவில்லை. மூலையில் இருந்த படிகாரத்திடம் ஓடியது. கீறல் விழுந்தால் முகத்தில் தேய்க்கிற கட்டி அது. பழைய கிரீம் இருந்தவரை அதை யாரும் தொட்டதேயில்லை. மேலே தூசி படிந்திருந்தது.

"நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மஞ்சள்தான்," என்றது படிகாரம், பிரஷைவிட உற்சாகமாக.

பிரஷ் மஞ்சள் டியூப்பின்மேல் சாய்ந்துகொண்டது.

காலையில் பையனின் தாடையில் மூன்று இடத்தில் ரத்தம். பிரஷ் தலைகுனிந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கீறலில் தேய்ந்தபடியே படிகாரம் உரக்கச் சொன்னது: "அருமையான கிரீம். இனிமே இதையே வாங்கச் சொல்லுங்க."