சின்ன இன்ஜின்

லாரி ஆலை வாசல் வரிசையில் நின்று மூன்று நாளாகிறது.

"இன்ஜினை அணைச்சா கேபின்ல வெந்துடறேன் முதலாளி" என்று டிரைவர் இரண்டு வருஷம் புலம்பியதற்குப் போன வாரம்தான் விடிவு வந்தது. பெரிய இன்ஜின் ஓடாமலே ஏசி தர ஒரு சின்ன இன்ஜினை மாட்டினார் முதலாளி; திருட்டுப் பயத்துக்கு, தன் போனிலேயே பார்க்கிற மாதிரி கேபினுக்குள் ஒரு கேமராவும்.

அந்த நன்றியில், டீசல் மிச்சமாகட்டும் என்று சின்ன இன்ஜினையும் அணைத்துவிட்டு, காலாற நடக்க இறங்கினார் டிரைவர்.

கால் தரையில் படுவதற்குள் போன் அடித்தது.

"ஏசியை ஏன்யா நிறுத்தினே?"

"நான்தான் இறங்கிட்டேனே முதலாளி. வெறும் கேபினுக்கு எதுக்கு?"

"உனக்காகவா ஏசி போட்டேன்? கேமரா சூடாகி நின்னுட்டா, நீ இறங்கிப் போறதை எனக்கு யார் சொல்லுவா?"

டிரைவர் ஏறி, சின்ன இன்ஜினை ஓடவிட்டார்.

"ம், இப்ப தெரியறே. அங்கேயே இரு."