சூடு ஆறாத குப்பி

அருண்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பேருந்தில் ஒரு மலையாளிப் பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். "வயறு வேதனையா மோனே?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

வயிற்றில் வலி ஒன்றும் இல்லை. சட்டைக்குள், பெல்ட்டுக்கு மேலே, துணியில் சுற்றிய சின்னக் குப்பி ஒன்று இருந்தது. சூடு ஆறிவிடக் கூடாது என்றுதான் அடைகாக்கும் கோழிபோல அதைக் கையால் மூடியிருந்தான். உள்ளே இருந்தது அவனுடைய அப்பாவின் மூத்திரம்.

காயல் கரையிலுள்ள தேவராவில் கப்பல் பழுதுபார்க்கும் காண்ட்ராக்டர் ஒருவர் அவனை வெல்டராக எடுத்திருந்தார். மூத்திரப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதில் கஞ்சா தெரிந்தால் வேலை இல்லை.

அவன் கஞ்சாவை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அது உடம்பை விட்டு எப்போது போகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போனில் தேடினால் ஒரு பக்கம் மூன்றே நாள் என்றது. இன்னொரு பக்கம், தினமும் இழுத்தவனுக்குக் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மாதம் தாண்டியும் நிற்கும் என்றது. அவன் தினமும் இழுத்தவன்.

கூட்டாளி சந்தீப் சொன்னான் என்று எலுமிச்சைச் சாறும் பார்லித் தண்ணீரும் குடம் குடமாகக் குடித்தான். உடம்பைச் சுத்தம் செய்யும் என்று ஏதோ ஒரு பொடியை வரவழைத்துக் கரைத்துக் குடித்தான். சுள்ளிக்கல்லுக்கும் தோப்பும்படிக்கும் நடுவே வேர்க்க வேர்க்க ஓடினான். எல்லாம் வெளியே போனது. பயம் மட்டும் போகவில்லை.

அவனை நிறுத்தவைத்தவர் அப்பா நல்லசிவம். கார்ப்பரேஷனில் சாக்கடை அள்ளும் வேலை. இத்தனை வருஷத்தில் பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த கஞ்சாப் பொதி கையில் சிக்கிய அன்று, அவர் மகனை அடிக்கவில்லை.

"இத நான் காயல்ல போட்டுட்டு வாரேன். உங்கம்மைக்குத் தெரிய வேண்டாம்" என்றார், அவ்வளவுதான்.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அதன்பிறகு வீட்டில் இருவருக்கும் பேச்சே குறைந்துவிட்டது. வேலை முடிந்து வந்தால் அப்பா தன் சாயாவைத் தானே போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று அருண்பாண்டி நினைத்துக்கொண்டான்.

அப்படிப்பட்டவரிடம்தான் நேற்று கூசாமல் பொய் சொன்னான். தெரிந்த லேபில் சர்க்கரை இலவசமாகப் பார்க்கிறார்கள், காலை மூத்திரத்தைப் பிடித்துக் கொடுத்தால் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். "எம்மேல இவ்வளவு அக்கறையாலே உனக்கு?" என்று கேட்டு அப்பா சிரித்தார்.

முட்டிவலியில் முனகி முனகிப் படி இறங்குகிறவர், இன்று குப்பியைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு கிடுகிடுவென்று இறங்கி வந்தார். மகன் தன்னைக் கவனிக்கிறான் என்ற சந்தோஷம் போலிருக்கிறது. அருண்பாண்டியால் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

காண்ட்ராக்டர் அனுப்பிய லேபில் ஷீஜா என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்துக் கழிவறையைக் காட்டினாள். உள்ளே போய்க் குப்பியைக் கப்பில் கவிழ்த்தான். அவள் கப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு சரியாக இருக்கவே, அவன் பெயரை ஒட்டினாள். அப்பாவின் மேல் தன் பெயரை ஒட்டியதுபோல அவனுக்கு உடம்பு குறுகியது.

மறுநாள் சாயங்காலம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சங்கர்ராம் போனில் கூப்பிட்டார். "தமிழ்ப் பையன், நல்லாப் பத்தவைக்கிறான்னு நான்தான் உன்னைச் சொல்லிவிட்டேன். நீ வேற எதையோல்ல பத்தவச்சிருக்க? மூத்திரம் பூரா கஞ்சாவாம். இனி இந்தப் பக்கம் வந்துறாத."

போன் அணைந்த பிறகும் அவன் அதைக் காதிலேயே வைத்திருந்தான். லேபில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. ஆனால் அவர்களோடு சண்டை போட வேண்டுமானால், அது யாருடைய மூத்திரம் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

அவமானத்தோடு அவமானமாகப் போகட்டும் என்று மொட்டை மாடிக்கு ஏறினான். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவன் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். குப்பி, பொய், பேருந்தில் இடம் கொடுத்த பெரியவர், எதையும் விடவில்லை.

"என்னை அடிச்சாலும் சரிப்பா. நாளைக்கு நீங்க எங்கூட வந்து, அவங்க கண்ணு முன்னால குடுங்க. பீடிகூடக் குடிக்காத மனுசனுக்குக் கஞ்சான்னு எழுதுனா விடலாமா?"

அடி விழவில்லை. அவன் மெல்ல நிமிர்ந்தான். அப்பா தலையைக் குனிந்திருந்தார். சாயா கிளாஸைக் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"காயல்ல போடத்தாம்லே கொண்டுபோனேன்" என்றார்.

அப்புறம், முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சாயாவுல கொஞ்சம் போட்டா, வலிக்கு நல்லாக் கேக்குதுலே."