கதவுக்குத் தெரிந்த நெற்றி

பாரிஸ் புறநகரில் உள்ள அந்தப் பள்ளியின் கேமராக் கண் வைத்த வாசற்கதவு, மத அடையாளம் அணிந்த யாருக்கும் திறக்காது. பெற்றோருக்கும் அதே சட்டம்தான். சிலுவை, முக்காடு, தலைப்பாகை எல்லாம் அதற்குத் தெரியும். திருநீற்றை மட்டும் தூசி என்று நினைத்து விட்டுவந்தது.

நகராட்சியில் கதவுகளுக்குப் பயிற்சி தருபவர் புதுச்சேரிக்காரரான வைத்திலிங்கம். சாக்பீஸ் தூசி கண்டபடி சிதறும், திருநீறு விரல் போன வழியே கோடாகப் படியும் என்று போன வாரம் அதற்கு ஆசை ஆசையாகக் கற்றுக்கொடுத்தார். மேலதிகாரி கைகுலுக்கிப் பாராட்டினார்.

இன்று பள்ளியில் குடியரசு விழா. அவர் மகள்தான் குடியரசின் உருவமான மரியான் வேடம் போடுகிறாள். மனைவி அமிர்தவல்லியோடு வந்தார். கதவு திறக்கவில்லை.

"அம்மையீர், நெற்றியைத் துடையுங்கள்" என்றது.

"இதென்னடா கூத்து! போன மாசங்கூட வாயப் பொளந்துக்கிட்டு தொறந்துச்சே" என்று சிரித்தாள் அமிர்தவல்லி. "எவனோ நம்மாளுதான் போட்டுக் குடுத்திருக்கான். ஏங்க, ஒங்க ஆபீஸ் கதவுதான? தூசின்னு சொல்லுங்க."

வைத்திலிங்கம் வாய் திறக்குமுன் கதவு பணிவாகச் சொன்னது: "தூசி இல்லை, அம்மையீர். உங்கள் வீட்டுப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்."

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அமிர்தவல்லி கணவனையே பார்த்தாள்.

"அப்ப நீங்களே தொடச்சி விடுங்க" என்று நெற்றியை நீட்டினாள்.

அவர் கைக்குட்டையை எடுத்தார். நீறு விழாமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியவள் அவள்தான், மூடிக்கொண்டவர் அவர்.