குரைக்கக் கூடாத தெரு

மலையோரத் தெரு நாய்களும் ஆற்றோரத் தெரு நாய்களும் மூன்று வருஷம் கடித்துக்கொண்டன. எதற்கென்று என்னைக் கேட்காதீர்கள், அவற்றுக்கே மறந்துவிட்டது. கடைசியில் மலையோரம் தோற்றது.

ஆற்றோரத் தலைவன் செவலை சமாதானம் பேச வந்தது. "இனிமே உங்க தெருவில ஒருத்தனும் குரைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

தோற்ற பக்கத்துக் கிழவன் கருவாயன் தயங்கியது. "தலைவரே, சிறுத்தை எங்க தெரு வழியாத்தான் இறங்கும். நாங்க குரைச்சாத்தான் உங்களுக்கும் தெரியும்."

"தோத்தவன் எனக்குப் புத்தி சொல்றியா? வாயை மூடு."

மூடிக்கொண்டது. தெருவே மூடிக்கொண்டது.

மறுவருஷம் சிறுத்தை இறங்கியது. மலையோர நாய்கள் சத்தமில்லாமல் விறகுக் குவியலுக்குள் பதுங்கின. சிறுத்தை அவற்றைத் தாண்டிப் போய் ஆற்றோரத்தில் செவலையின் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

செவலை ஓடி வந்தது. "இன்னும் மூணு குட்டி இருக்குப்பா. தடையை எடுத்தாச்சு, குரைங்க!"

கருவாயன் காதைச் சொறிந்தது. "பழக்கம் விட்டுப்போச்சுங்க. உங்களுக்குத்தான் நல்ல தொண்டை. நீங்களே குரைங்களேன்."

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் செவலை மலையோரத் தெருமுனையில் நின்று தொண்டை கிழியக் குரைக்கிறது. அந்தத் தெரு நாய்கள் நிம்மதியாகத் தூங்குகின்றன.